கோமதி கையெழுத்துப் போடமாட்டாள்

நேசமணிக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவாள். பிறகு அதைச் சேலை முந்தானையில் துடைப்பாள். துடைத்து முடிக்கும்வரை எதிரில் இருப்பவருக்கு அவகாசம் உண்டு. கண்ணாடி திரும்பவும் மூக்கில் ஏறிவிட்டதோ, தொலைந்தது. சங்கரன்கோவில் வட்டாரத்தில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்துவரும் ஒப்பந்த நர்ஸ் அவள். பத்தொன்பது வருடமாக இதே வேலை. அந்தக் கண்ணாடிக்குப் பயந்தே மருந்துக் கிடங்குக்காரர் அவளுக்கு மட்டும் பஞ்சும் துணியும் ஒரு பொட்டலம் கூடுதலாகக் கொடுப்பார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில், வட்டார நலவாழ்வு அலுவலகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த அபிதாவுக்கு எதிரே நின்றுகொண்டு, அவள் மூன்றாவது முறையாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் என்னக்கா செய்ய? சிஸ்டம் அப்படித்தான் காட்டுது” என்றாள் அபிதா. இருபத்தைந்து வயதுப் பெண். திட்டு வாங்கி வாங்கிப் பழகிய குரல். “காளிராஜ். வயசு நாப்பத்தொண்ணு. துணை, உண்டு. துணையின் பேரு, கோமதி. துணை இருக்கவங்க வீட்டுக்கு நர்ஸு போகக்கூடாதுல்லா, புதுச் சட்டத்துல. அதான் பட்டியல்லேருந்து எடுத்திருக்கு.”

“அவனுக்கு ஏதுட்டி கோமதி? அந்தப் பயலுக்குக் கல்யாணமே ஆகலியே! அம்மையும் போய்ச் சேந்து ரெண்டு வருசமாச்சு!”

“நீங்கதான எழுதிக் கொடுத்திருக்கிய. இந்தா, உங்க கையெழுத்து.”

அபிதா திரையைத் திருப்பினாள். படிவத்தின் நகல். குண்டு குண்டாக, தன் கைப்பட எழுதிய எழுத்து.

“அவருக்கு மட்டும் இல்லக்கா.” அபிதா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். “உங்க முப்பத்தெட்டு வீடும் இப்படித்தான். கோமதி ஒருத்தியே இருபத்திநாலு பேரைப் பாத்துக்கிடுதா. கர்த்தர்னு ஒருத்தர் பதினோரு பேரு. அல்லாஹ் மூணு பேரு. ஒரு ஆளு ரெண்டு பேருக்கு மேல துணையா இருக்கப்படாதாம். முறைகேடுன்னு சிவப்புக் கொடி விழுந்திருக்கு. உங்ககிட்ட விளக்கம் கேட்டு நோட்டீஸும் வந்திருக்கு.”

நேசமணி பக்கத்தில் இருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடியைப் போட்டுக்கொள்ளக்கூட மறந்துபோயிற்று. கோபப்பட வேண்டிய ஆள் எதிரில் இல்லை, பெஞ்சில்தான் இருந்தது.

நடந்தது இதுதான்.

சட்டம் வந்தபோது அதை மனதார வாழ்த்தியவளே நேசமணிதான். அதுவரை, படுக்கையில் கிடக்கும் ஒரு மனிதனுக்குச் சிறுநீர் டியூப் மாற்ற ஒரு அலுவலகம், சக்கர நாற்காலிக்கு ஒரு அலுவலகம், உதவித்தொகைக்கு இன்னொரு அலுவலகம் என்று இருந்தது. ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கைகாட்டும். மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் இனி ஒரே குடையின் கீழ் வரும், ஒரே வாசல், ஒரே பட்டியல் என்று சட்டசபையில் மசோதா நிறைவேறிய அன்று, அவள் தன் பையில் கிடந்த ஆரஞ்சு மிட்டாய்களை ஒன்பது வீடுகளில் கொடுத்துவிட்டு வந்தாள். நீண்ட பெயர் அந்தச் சட்டத்துக்கு. ஒருங்கிணைந்த நலவாழ்வு மற்றும் சமூகப் பராமரிப்புச் சட்டம். அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொண்ட முதல் ஆளும் அவள்தான்.

வாசல் ஒன்றானது உண்மை. உள்ளே போனால் வரிசை மூன்றுதான்.

பிறகு ஆடித்தபசுத் திருவிழா முடிந்த மறுவாரம் கணக்கெடுப்புப் படிவம் வந்தது. எப்படி நிரப்புவது என்று வீடியோவில் பயிற்சி கொடுத்தார்கள். அது ஏழு நிமிடம் ஓடிவிட்டு, பேசுகிறவர் வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோயிற்று. படிவத்தின் உச்சியில், பெயருக்கும் மேலே, நடுவில் ‘துணை’ என்று அச்சடித்துப் பக்கத்தில் நாலைந்து எழுத்துக்கு ஒரு கட்டம். நோயாளியை வீட்டிலிருந்து கவனித்துக்கொள்ளும் ஆளைத்தான் சட்டம் துணை என்று சொல்கிறது. அது சென்னையில் படிவம் போட்டவர்களுக்குத் தெரியும். மேலநீலிதநல்லூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டில் யாருக்குத் தெரியும்? இந்த ஊரில் காகிதத்தின் தலையில் ‘துணை’ என்று ஒரு வார்த்தை இருந்தால் அதன் பக்கத்தில் வருகிற பெயர் ஒன்றுதான். கல்யாணப் பத்திரிகையிலிருந்து கடைச் சிட்டைவரை அப்படித்தான்.

முதல் வீடே காளிராஜ் வீடு. அவன்தான் படுத்தபடியே எட்டிப் பார்த்து, “மேல துணைன்னு போட்டு இடம் விட்டுருக்காம்லா. கோமதியம்மன்னு எழுதுங்க நர்ஸக்கா. நல்லாருக்கும்” என்றான்.

நேசமணிக்குக் கண் கலங்கிவிட்டது. சாமி பெயரோடு தொடங்கும் ஒரு அரசாங்கப் படிவத்தை அவள் வாழ்நாளில் முதல்முறையாகப் பார்த்தாள். அதுவும் இன்ன சாமி என்று அச்சடிக்காமல், அவரவர் விருப்பத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள்! இந்த அரசாங்கத்துக்கும் இப்படி ஒரு மனசா என்று நெகிழ்ந்து, இந்துக்கள் வீட்டில் கோமதியம்மன் என்றும், தன் சபை ஆட்கள் வீட்டில் கர்த்தர் என்றும், ஷம்சாத் பேகம் முதலான மூன்று வீடுகளில் அவர்களிடமே கேட்டு அல்லாஹ் என்றும், முப்பத்தெட்டு வீட்டிலும் அழகாக எழுதினாள். படிவங்களை எங்கோ ஒரு ஊரில் கணினியில் ஏற்றினார்கள். முழுப் பெயருக்கும் கட்டத்தில் இடம் இல்லாததால் ‘கோமதி’யோடு நிறுத்திவிட்டார்கள். ‘யம்மன்’ வெளியே விழுந்துவிட்டது. கோமதி பெண்ணாகிவிட்டாள்.

“பாவி நான்” என்றாள் நேசமணி, பெஞ்சில் உட்கார்ந்தபடி. “சரி, தப்பு என் தப்புதான். அடிச்சித் திருத்து.”

“அடிக்க முடியாதுக்கா. ஒரு தடவை துணைன்னு ஏறிட்டா, அந்தத் துணையே வந்து விலகுதேன்னு கையெழுத்துப் போடணும். ஏழாம் நம்பர் படிவம்.”

“யாரு, கோமதியம்மனா?”

“இல்லன்னா இறப்புச் சான்றிதழ்.”

நேசமணி அவளையே பார்த்தாள்.

“கர்த்தருக்கு வேணா வாங்கிரலாமேக்கா” என்றாள் அபிதா மெல்ல. “அவருதான் சிலுவையில...”

“மரிச்சாரு. மூணாம் நாள் எழும்பிட்டாரு. சர்டிபிகேட் கிடைக்காது.” நேசமணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். “எப்பவரைக்கும் டயம்?”

“வர்ற வெள்ளிக்கு அடுத்த வெள்ளி, சாயங்காலம் அஞ்சு மணி. அதோட பட்டியலை மூடிருவாவ. பெறவு அடுத்த வருசந்தான்.”

அடுத்த வருடம். மற்ற முப்பத்தேழு வீட்டிலும் சொந்தமோ பந்தமோ கை கொடுக்க யாராவது ஒருவர் உண்டு. காளிராஜுக்கு அடுத்த வருடம் என்றால் என்ன என்று நேசமணிக்குத்தான் தெரியும்.

புதுப் பட்டியல் மறுநாள்தான் நடப்புக்கு வரும் என்பதால், அன்றைக்கே மத்தியானம் மொபெட்டை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ஜன்னலுக்கு வெளியே மக்காச்சோளம். ஆறு வருடத்துக்கு முன்னால் வைக்கோல் லாரியின் உச்சியிலிருந்து தார்ச்சாலையில் விழுந்தவன் காளிராஜ். இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. அவன் அம்மா இருந்தவரை அவள் புரட்டிப் போட்டாள், துடைத்தாள். அவள் போன பிறகு பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் இரண்டு வேளை சோறு கொண்டுவந்து வைக்கிறாள். அவளுக்கே முட்டு மடங்காது. மற்றதெல்லாம் நேசமணிதான். வாரம் இரண்டு முறை புண்ணைக் கழுவி மருந்து வைப்பாள். மாதம் ஒரு முறை டியூபை மாற்றுவாள். அவன் பின்னிடுப்பில் இருந்த புண், ஒரு காலத்தில் உள்ளங்கையை வைத்தால் உள்ளே போகிற அளவு இருந்தது. மூன்று வருடமாகக் கழுவிக் கழுவி அதை ஒரு ரூபாய் அளவுக்குக் கொண்டுவந்திருந்தாள். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் அது எலும்பைத் தொடும். தொட்டால் அவன் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

“ஏலே காளி” என்றாள் கையுறையை மாட்டிக்கொண்டே. “உனக்கு வீட்டோட ஒரு பொம்பள துணைக்கு இருக்காளாம்லா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.”

“யாரு?”

“கோமதி.”

“எந்தக் கோமதி? மேலத்தெரு கோமதியா? அவ என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கமாட்டாளே நர்ஸக்கா.”

“அவ இல்லலே. கோவில்ல இருக்கவ.”

புரிவதற்கு அவனுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் சிரித்தான். கட்டில் கிரீச்சிடச் சிரித்து, இருமி, கண்ணில் தண்ணீர் வந்து, “அப்ப நான் அம்பாளுக்கே வீட்டுக்காரனா? சங்கரலிங்கம் என்னைய உதைக்கப் போறாரு!” என்றான். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றது.

“அப்போ நீங்க இனிமே வரமாட்டியளா?”

நேசமணி பையில் கடைசியாக மிஞ்சியிருந்த டியூபை எடுத்துப் பிரித்தாள். அவன் அதைப் பார்த்தான். மற்றதெல்லாம் அவனுக்குத் தெரியாவிட்டாலும், அவள் பையில் எத்தனை டியூப் இருக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம்.

“கையெழுத்துத்தான வேணும்?” என்றான் கூரையைப் பார்த்துக்கொண்டு. “கேட்டுப் பாருங்க. ஒத்தக்கால்ல தவம் நின்னவதான அவ. உங்க ஆபீஸ் வரிசையில வந்து நிக்கமாட்டாளாக்கும்?”

அந்த வாரம் முழுக்க நேசமணி அலைந்த அலைச்சலை எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கால் வலிக்கும். இரண்டாம் நம்பர் மேசை மூன்றாம் நம்பர் மேசைக்கு அனுப்பியது. மூன்றாம் நம்பர் தென்காசிக்குப் போகச் சொன்னது. தென்காசியில், இது வட்டார அலுவலகத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று ஒரு சீட்டில் எழுதி, முத்திரை குத்தி, மறுபடியும் சங்கரன்கோவிலுக்கே அனுப்பினார்கள். அந்தச் சீட்டை இரண்டாம் நம்பர் மேசையில் காட்டினால், “இது மூணாம் நம்பருல்லா” என்றார்கள். உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல் தேனாக இனித்து, “உங்கள் நோயாளியின் துணையிடம் போனைக் கொடுக்க முடியுமா?” என்று கேட்டது.

“அவ நடை சாத்திட்டு உள்ள இருக்கா தாயி” என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள் நேசமணி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் சட்டப் புத்தகத்தைக் கையில் எடுத்தாள். எண்பத்தாறு பக்கம். மஞ்சள் அட்டை. எல்லோருக்கும் கொடுத்தார்கள், யாரும் படிக்கவில்லை. அவள் கணவன் பிரபுதாஸ் பைக் பட்டறை வைத்திருப்பவர், பேச்சைக் குறைத்து மூச்சை அதிகம் விடுகிறவர். அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“ஏட்டி நேசம். முறைகேடுன்னு எழுதி நோட்டீஸ் வந்திருக்கு. உனக்கு இன்னும் நாலு வருச வேலைதான் பாக்கி. தப்பா எழுதிட்டேன், மன்னிச்சிக்கிடுங்கன்னு ஒரு வரி எழுதிக் கொடுத்துட்டுப் பேசாம இரியேன்.”

“எழுதிக் கொடுத்தா எனக்குச் சரியாயிரும். அவனுக்கு?”

“அரசாங்கத்தோட மல்லுக்கு நிக்க முடியுமா?”

“நான் மல்லுக்கு நிக்கல. வாசிக்கேன். நீங்க அந்தப் பென்சிலை எடுங்க.”

திருவேங்கடம் பக்கத்தில் ஒரு கரிசல் கிராமத்தில், சபையில் மணி அடித்துக்கொண்டிருந்தவரின் மகள் நேசமணி. வீட்டில் அரிசி இல்லாத நாள் உண்டு; வாசிப்பு இல்லாத நாள் கிடையாது. வசனத்தைச் சொன்னால் மட்டும் போதாது, எந்த அதிகாரம், எத்தனையாவது வசனம் என்றும் சொன்னால்தான் அவள் அப்பா தட்டில் கஞ்சியை ஊற்றுவார். அந்தப் பழக்கத்தில் அவள் அந்த எண்பத்தாறு பக்கத்தையும் வரி வரியாக, உதடு அசைய வாசித்தாள். அடிக்கோடு போட்டாள். இரண்டாம் அத்தியாயத்துக்கு வந்தபோது அவள் உதடு நின்றது. பென்சிலும் நின்றது. பிரபுதாஸ் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்துவிட்டு மேலே வாசித்தாள். இப்படி ஒரு வரிக்கு எந்த அதிகாரி மதிப்புக் கொடுப்பார் என்று அவளுக்கே நம்பிக்கை வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் முப்பிடாதியம்மாள் போன் செய்தாள். “ஏ நர்ஸம்மா, பையனுக்கு உடம்பு அனலாக் கொதிக்கி. டியூப்ல ஒரு சொட்டு இறங்கல. வயிறு கல்லு மாதிரி இருக்கு.”

பட்டியலில் இல்லாத வீட்டுக்குப் போனால் வேலை போகும். அவள் எங்கே நிற்கிறாள் என்று செல்போனில் இருக்கும் செயலி சொல்லிக்கொடுத்துவிடும். நேசமணி செல்போனை வீட்டில் சார்ஜில் போட்டாள். மருந்துக்கடையில் ஒரு டியூபும் பையும் மாத்திரையும் வாங்கினாள். மொபெட்டை முறுக்கினாள்.

காளிராஜ் அன்றைக்கு ஒரு வேடிக்கையும் பேசவில்லை. அதுதான் அவளை உலுக்கியது. டியூபை மாற்றி, கலங்கலும் ரத்தமுமாகச் சிறுநீர் வடியத் தொடங்கியபின், காய்ச்சலில் சிவந்த கண்ணைத் திறந்து, “நர்ஸக்கா, எனக்காவ உங்க வேலையைக் கெடுத்துக்கிடாதிய” என்றான். “போதும். ஆறு வருசம் பாத்தாச்சு. நல்லாப் பாத்திய. போதும்.”

“வாய மூடுலே” என்றாள் நேசமணி. புண்ணைப் பார்க்கும் சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரூபாய் அளவு இருந்த புண்ணைச் சுற்றித் தோல் கறுத்திருந்தது. மூன்று வருட உழைப்பைப் பத்தே நாள் தின்றுகொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி நாள்.

வட்டார நலவாழ்வு அலுவலகத்தின் கூடத்தில் நூறு பேருக்குமேல் காத்திருந்தார்கள். மின்விசிறி ஓடியது, காற்று மட்டும் வரவில்லை. நேசமணி காலை ஒன்பது மணிக்கே வந்தவள். நான்கு மணி ஆகிவிட்டது. அப்போது அபிதா வந்து அவள் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

“அக்கா, ஒரு வழி சொல்லுதேன், கோவப்படாதிய. ஏழாம் நம்பர் படிவத்துக்கு ஆதார் கேக்காது. கோமதின்னு பேரு உள்ள யாராவது ஒருத்தங்க போன் நம்பரு இருந்தாப் போதும். அதுல ஓடிபி வரும். ஒரு கையெழுத்து. முடிஞ்சிது. இருபத்திநாலு பேரும் பட்டியலுக்கு வந்துருவாவ.”

“பொய்க் கையெழுத்தா? என்னைய என்னன்னு நினைச்ச?”

“பொய் எங்கக்கா இருக்கு? பேரு கோமதிதான. இவ அந்தக் கோமதி இல்லன்னு சிஸ்டத்துக்கு எப்படித் தெரியும்?”

நேசமணி கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்தாள். நேற்றுப் பார்த்த அந்தக் கறுப்புத் தோல் கண் முன்னால் வந்தது. ‘ஆண்டவரே, என்னை மன்னியும்’ என்று மனதுக்குள் சொல்லிவிட்டுக் கண்ணாடியை மாட்டினாள். அபிதா கண்ணைக் காட்ட, வாசலில் நின்ற பியூன் தங்கப்பழம் தொண்டையைக் கனைத்து ஒரு சத்தம் போட்டார்.

“கோமதி! கோமதிங்கிறது யாரும்மா?”

கூடத்தில் ஐந்து பெண்கள் எழுந்து நின்றார்கள்.

இந்த ஊரில் அப்படித்தான். எந்தக் கூட்டத்தில் கல்லை விட்டெறிந்தாலும் ஒரு கோமதி மேல் விழும். அதில் மூத்தவள், தலையில் கொத்து மல்லிகையும் கையில் மாமியாரின் மருந்துச் சீட்டுமாக நின்ற ஒரு பூக்காரி, நேசமணி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டாள். காய்ச்சல், டியூப், புண் எல்லாம் கேட்டாள். “அய்யோ பாவம்” என்றாள். “ஒரு கையெழுத்துத்தானம்மா? கொண்டாங்க, உசுரு பெருசா மை பெருசா” என்று பேனாவையும் வாங்கிக்கொண்டாள்.

“எதுக்கும் என்ன எழுதியிருக்குன்னு ஒருக்கா வாசிங்க. எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும்” என்றாள் பிறகு.

நேசமணி வாசித்தாள். “கோமதி ஆகிய நான், மேற்படி காளிராஜ் என்பவரை இனிமேல் கவனித்துக்கொள்ள என்னால் இயலாது என்பதால், அவரைக் கைவிட்டு, துணை என்ற பொறுப்பிலிருந்து முழு மனதுடன் விலகிக்கொள்கிறேன்.”

பூக்காரி பேனாவை மேசையில் வைத்துவிட்டாள். சூடுபட்டதுபோல் கையை உதறினாள்.

“என்னம்மா இது?”

“ஏன் தாயி?”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமா, கோமதி கைவிட்டான்னு என்னைய எழுதச் சொல்லுதியளா? என் பேரு யாரு பேருன்னு தெரியும்லா? புள்ளை இல்லாம எங்கம்மை அவ சந்நிதியில மண்சோறு சாப்பிட்டுப் பெத்த புள்ள நான். என் கையால நான் அப்படி எழுதுவேனா? நாளைக்கு அவ மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

நேசமணி இரண்டாவது கோமதியைப் பார்த்தாள். அவள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டு பின்வாங்கினாள். மூன்றாமவள், “வேணும்னா பாத்துக்கிடுதேன்னு எழுதுங்க, போடுதேன். விலகுதேன்னு போடமாட்டேன்” என்றாள். நான்காமவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். ஐந்தாவது கோமதி கல்லூரியில் படிக்கிற பெண். அவள்கூட, “வேண்டாம் ஆன்ட்டி, பரீட்சை வருது” என்று நழுவினாள்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு ஐம்பது.

நேசமணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கிறிஸ்தவளான தான் கோமதிக்குக் கள்ளக் கையெழுத்துத் தேட, கோமதிகள் எல்லாரும் கோமதிக்காக மறுக்க, நடுவில் ஒருவன் தகரக் கூரைக்கு அடியில் வெந்துகொண்டிருக்கிறான்! அவளுக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பூக்காரிக்கு இருக்கும் உண்மை தனக்கு இல்லாமல் போயிற்றே என்று சுருக்கென்று தைத்தது. ஏழாம் நம்பர் படிவத்தை இரண்டாகக் கிழித்தாள். மஞ்சள் அட்டைப் புத்தகத்தைப் பையிலிருந்து உருவினாள். தங்கப்பழம் கையை நீட்டித் தடுக்கத் தடுக்க, துணை இயக்குநரின் அறைக்குள் நுழைந்தாள்.

துணை இயக்குநர் மன்சூர் அலி நாற்காலியில் சாய்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து எத்தனை மனு பார்த்தாரோ, கண் இரண்டும் உள்ளே போயிருந்தன.

“சிஸ்டர், வரிசையில வாங்க.”

“வரிசையில வந்தா அஞ்சு மணிக்கு மேல ஆயிரும் சார். நான்தான் அந்த முறைகேடு. நேசமணி. முப்பத்தெட்டு வீடு.” அவள் மேசைமேல் புத்தகத்தை விரித்து வைத்தாள். “இரண்டாம் அதிகாரம், ஒன்பதாம் வசனம். வாசிங்க சார்.”

“வசனமா?”

“ஒங்க சட்டத்துலதான். வாசிங்க. சத்தமா.”

அந்தக் கண்ணாடியைப் பார்த்து, அவர் வாசித்தார். “துணை என்பது, பராமரிப்பு பெறுபவருடன் ஒரே கூரையின்கீழ் வசித்து, அவரை நாள்தோறும் கவனித்துவரும் நபரைக் குறிக்கும்.”

“ஒரே கூரையின்கீழ்!” நேசமணி விரலால் தட்டினாள். “கோமதியம்மன் இருக்கிறது கோவில்ல. காளிராஜ் இருக்கிறது மேலநீலிதநல்லூர்ப் பக்கம் தகரக் கொட்டகையில. ஒரே கூரையா சார்? அவ விலகவும் வேண்டாம், சாகவும் வேண்டாம். அவ துணையே இல்ல! சட்டப்படி இல்ல! நான் தப்பா எழுதிட்டேன். துணைன்னு கேட்டிய, துணை யாருன்னு எழுதினேன். அதுக்கு என்னைய வேலையை விட்டு அனுப்புங்க, போறேன். நேத்து அவன் வீட்டுக்குப் போய் டியூபும் மாத்திட்டேன், அதையும் சேத்து எழுதிக்கிடுங்க. ஆனா அந்தப் பையன் புண்ணு கறுத்துப்போச்சு சார். என் கையால ஆத்தின புண்ணு.”

அவ்வளவு நேரமும் அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது. அரசாங்க மேசைமேல், மஞ்சள் அட்டைமேல், சொட்டுச் சொட்டாக விழுந்தது.

மன்சூர் அலி திரையில் அவள் முப்பத்தெட்டு வீட்டுப் பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். அல்லாஹ் என்று இருந்த கடைசி மூன்று வரியில் அவர் பார்வை நின்றது.

“எங்க உம்மாகிட்ட நீங்க கேட்டிருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பாவ” என்றார் மெதுவாக. “வேற என்ன சொல்லுவாவ?”

பேனாவை எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில், அரசாங்கத்துக்கே உரிய தமிழில் எழுதினார். எழுதியதை அவளிடம் நீட்டினார். ‘விசாரணையில், மேற்படி கோமதி என்பவர் பராமரிப்பு பெறுபவர்கள் எவருடைய முகவரியிலும் வசிக்கவில்லை என்றும், சங்கரன்கோவில் நகரில் நெடுங்காலமாக நிரந்தரமாக வசித்துவருகிறார் என்றும் தெரியவருகிறது. மேற்படி கர்த்தர், அல்லாஹ் ஆகியோர் மாவட்ட எல்லைக்குள் மட்டும் வசிப்பவர்கள் அல்லர் என்றும் தெரியவருகிறது. எனவே சட்டப்பிரிவு 2(9)-இன்படி பதிவுகள் நீக்கப்படுகின்றன.’

“சரியா சிஸ்டர்?”

“சரி சார்” என்றாள் நேசமணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “வேதத்துக்கும் விரோதமில்ல.”

ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் அபிதா விசையைத் தட்டினாள். முப்பத்தெட்டுப் பேரும் பட்டியலுக்குத் திரும்பினார்கள்; ஒரு வாரத்துக்குள் புதுப் படிவம் மட்டும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் காலையில் நேசமணி கிடங்கிலிருந்து வாங்கிய டியூபும் பையும் மருந்துமாகக் காளிராஜ் வீட்டுக்குப் போனாள். செல்போன் இந்தத் தடவை கையில் இருந்தது. வியாழக்கிழமையே மாத்திரை உள்ளே போனதில் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. புண்ணைக் கழுவினாள். கறுப்பு பரவவில்லை. இனி ஆறு மாதமாவது ஆகும், பழையபடி ஒரு ரூபாய்க்குக் கொண்டுவர. அதற்கும் ஒரு படிவம் வருமோ என்னவோ.

“என்ன நர்ஸக்கா, கோமதி வந்தாளா?”

“அஞ்சு பேரு வந்தாளுவ. ஒருத்தியும் உன்னைய விடமாட்டேன்னுட்டா.”

அவன் முகம் அப்படி மலர்ந்தது.

கைகழுவிவிட்டு வந்து, புதிய படிவத்தை அவள் முழங்கால்மேல் வைத்தாள். அதே தாள்தான். அதே உச்சியில், அதே எழுத்தில், துணை. பக்கத்தில் அதே கட்டம். நேசமணி பேனாவைத் திறந்தாள். ‘இல்லை’ என்று எழுத வேண்டும். மூன்றெழுத்து. இதற்காகத்தான் இத்தனை அலைச்சல். ஆனால் கை ஓடவில்லை. ஒரு மனிதனைப் பற்றி, அவன் கண் முன்னாலேயே, துணை இல்லை என்று எழுதுவது இத்தனை கஷ்டமாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

அவன் படுத்தபடியே எட்டிப் பார்த்தான்.

“இல்லைன்னா எழுதப்போறிய?”

“ஆமாலே. எழுதினாத்தான் நான் வர முடியும்.”

காளிராஜ் ஜன்னல் பக்கம் பார்த்தான். மக்காச்சோளத் தட்டைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன. பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்:

“எழுதிக்கிடுங்க. ஆனா சத்தமா வாசிச்சிராதிய நர்ஸக்கா. அவளுக்குக் கேட்டுரப்போவுது.”